பிளக் மரை போச்சா? கப்சாய் எஞ்சினில் அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே, மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தில், ஒரு சனிக்கிழமை காலை என் அக்கா மகன் தன் ஹோண்டா இஎக்ஸ்5 கப்சாய்க்கு (எஞ்சின் படுத்த வாக்கில் இருக்கும் சின்ன மோட்டார் சைக்கிள்) ஸ்பார்க் பிளக் மாற்றிக்கொண்டிருந்தான். பழையதைக் கழற்றினான், புதியதை வைத்தான், கையால் ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் நேராக ஸ்பானரைப் போட்டான். இரண்டாவது சுற்றிலேயே இறுகியது. "புது பிளக்குல்ல மாமா, அப்படித்தான் டைட்டா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இன்னும் அரைச் சுற்று. கரும்பை முறுக்கினால் உள்ளே நார் அறுபடும் சத்தம் கேட்குமே, அந்த மாதிரி ஒன்று கேட்டது. அலுமினிய மரை.

அவனைத் திட்டவில்லை. பல வருடத்துக்கு முன்னால் நான் செய்ததும் இதேதான், அதுவும் தைப்பூசத்துக்குப் பத்துமலை கிளம்ப வேண்டிய ராத்திரியில். "மரை கழண்டவன்" என்று ஊரில் சொல்வார்களே, அந்தப் பட்டம் வீட்டில் ஒரு மாதம் எனக்கு இருந்தது.

பிளக்கின் உடம்பு எஃகு, அது ஏறும் ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) அலுமினியம். இரண்டும் மோதினால் தோற்பது எப்போதும் ஹெட்தான். பிளக் பத்து வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கும், ஹெட் அப்படிக் கிடைக்காது. அதற்காக மரையில் லேசாக ஏதோ தட்டுகிறது என்றதும் "ஹெலிகாயில் (எஃகு மரைச் சுருள்) போட்டுரலாம்" என்று ஓடவும் வேண்டாம். வெறும் அழுக்காக இருக்கலாம். மேலே இரண்டு மரை மட்டும் நசுங்கியிருக்கலாம். முழுசாகவே போயிருக்கலாம். எது என்று தெரியாமல் டேப்பை (மரை வெட்டும் கருவியை) உள்ளே விட்டால், அழுக்காக இருந்ததைப் போனதாக ஆக்கிவிடுவீர்கள். கீழே சொல்வதெல்லாம் ஆறிய எஞ்சினில் செய்வது. சூட்டில் கை வைக்காதீர்கள். சுடும் என்பதற்காக மட்டுமல்ல, சூட்டில் அலுமினியம் இன்னும் எளிதாக இழுபடும்.

முதலில் பிளக் நம்பரைப் படியுங்கள்

இஎக்ஸ்5-இல் வழக்கமாகப் போடுவது என்ஜிகே சி6ஹெச்எஸ்ஏ அல்லது சி7ஹெச்எஸ்ஏ. முதல் எழுத்து சி என்றால் மரையின் விட்டம் 10 மி.மீ., மரைக்கு மரை இடைவெளி 1 மி.மீ., ஸ்பானர் 16. டி என்றால் விட்டம் 12, இடைவெளி 1.25, ஸ்பானர் 18. பி என்றால் விட்டம் 14, இடைவெளி அதே 1.25, ஸ்பானர் 21. பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார்களில் இதுதான் அதிகம். எண்ணுக்கு அடுத்து வரும் ஹெச் என்றால் மரைப் பகுதியின் நீளம் 12.7 மி.மீ., இ என்றால் 19 மி.மீ. நடுவில் இருக்கும் எண் வெப்ப அளவு, மரைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

நீளம் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் நான் கையில் எடுத்த கோளாறுகளில் சில அங்கேதான் ஆரம்பித்தன. 19 மி.மீ. துளையில் குட்டைப் பிளக்கைப் போட்டு ஓட்டினால், காலியாக நிற்கும் கீழ் மரைகளில் கார்பன் படிந்து கல்லாகிவிடும். அடுத்த முறை சரியான பிளக் போடுபவர் அந்தக் கல்லில் போய் முட்டுவார். மாறாக, 12.7 துளையில் நீளப் பிளக்கைப் போட்டால் மரை எரியறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். பிஸ்டனில் இடித்தால் கதை அன்றே முடிந்தது. இடிக்காவிட்டாலும் நீட்டிய மரையில் கார்பன் ஒட்டி, கழற்றும்போது ஹெட்டின் மரையைச் சுரண்டிக்கொண்டே வெளியே வரும்.

இன்னொன்று, கழற்றும்போதே சுற்றுகளை எண்ணுங்கள். 12.7 மி.மீ. நீளம், 1 மி.மீ. இடைவெளி என்றால் 11, 12 சுற்றில் பிளக் கையோடு வர வேண்டும். ஏழாவது சுற்றிலேயே வந்துவிட்டால், ஒன்று பிளக் முழுசாக உள்ளே போயிருக்கவில்லை, அல்லது மரையில் பாதி இல்லை.

அறிகுறி: ஓரிரு சுற்றிலேயே இறுகிவிடுகிறது

நிறுத்துங்கள். இந்த இடத்தில் ஸ்பானரைக் கீழே வைப்பவருக்குச் செலவு இல்லை. பெரும்பாலும் பிளக் சாய்வாக ஏறியிருக்கும்.

பிளக்கை வெளியே எடுத்து, அதன் மரையைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். மரைகளுக்கு நடுவே கறுப்பு மட்டும் இருந்தால் கார்பன். வெள்ளி நிறத்தில் மெல்லிய சுருள், நகத்தால் தள்ளினால் வளைகிறது என்றால் அது உங்கள் ஹெட்டின் அலுமினியம். அப்புறம் துளைக்குள் டார்ச் அடித்து, போன் கேமராவைப் பெரிதாக்கிப் படம் எடுங்கள். நல்ல மரை ஒரே சீரான வளையங்களாகத் தெரியும். சாய்வாக ஏறிய மரையில் ஒரு பக்கம் மட்டும் இரண்டு வளையம் ஒன்றாகக் கலந்து, மழுங்கிப் பளபளக்கும்.

காயம் இல்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். ஒரு சாண் நீளப் பெட்ரோல் ஹோஸ் துண்டு எடுத்து, பிளக்கின் தொப்பி மாட்டும் முனையில் இறுக்கமாகச் செருகுங்கள். ஹோஸைப் பிடித்துக்கொண்டு பிளக்கைத் துளையில் வைத்து, முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில், மெதுவாகச் சுற்றுங்கள். ஓர் இடத்தில் ‘டிக்’ என்று கொஞ்சம் உள்ளே இறங்கும். மரையின் வாய் அதுதான். அங்கிருந்து வலப்பக்கம் சுற்றுங்கள். சரியாகப் பிடித்தால் இரண்டு விரலில் கடைசி வரை போகும். சாய்ந்தால் ஹோஸ் பிளக்கின் மேலேயே வழுக்கிச் சுற்றும், மரையை அறுக்கும் பலம் அதற்குக் கிடையாது. ஸ்பானரிடம் அந்தப் பணிவு இல்லை.

காயம் இருந்தால்? என் அக்கா மகன் ஹெட்டில் மேலே இரண்டரை மரை நசுங்கியிருந்தது, கீழே இருந்ததெல்லாம் முழுசு. மேலிருந்து டேப் போட்டால் அது நசுங்கிய சாய்வு வழியையே பிடித்துக்கொண்டு போகும் ஆபத்து உண்டு. அதனால் ஹெட்டைக் கழற்றி, மேசையில் கவிழ்த்து, எரியறைப் பக்கமிருந்து டேப்பை விட்டோம். நல்ல மரைதான் அதற்கு வழிகாட்டி. உள்ளிருந்து வெளியே வரும்போது நசுங்கிய இரண்டரை மரையும் தானாக நேராகிவிட்டது. முழுசாக நேராகவில்லை, அரை மரை போனது போனதுதான். ஆனால் பிளக் கையால் ஏறுகிறது, இறுகுகிறது. ஆன செலவு ஹெட் கேஸ்கெட்டும் ஒரு டப்பா பிரேக் கிளீனரும். 14 மி.மீ. பிளக் என்றால், ஹெட்டைக் கழற்றாமலேயே துளைக்குள் விட்டு, உள்ளே விரித்து, வெளியே இழுத்துக்கொண்டு வரும் டேப் தனியாக விற்கிறது.

டேப் வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. ஜாலான் பாசார் பக்கம் போய் "10 மி.மீ. டேப் ஒன்று" என்று நான் பொதுவாகக் கேட்டேன், கடைக்காரர் கொடுத்தார், வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் பார்த்தால் இடைவெளி 1.5. தப்பு என்னுடையதுதான், சாதாரண 10 மி.மீ. போல்ட்டுக்கு அதுதான் அளவு. 1.25-உம் உண்டு. பிளக்குக்கு வேண்டியது 10-க்கு 1.0. அதை வாங்கிய பிறகும் நம்பிவிடாமல், பிளக்கையும் டேப்பையும் மரைக்கு மரை சேர்த்து வைத்து வெளிச்சத்தை நோக்கிப் பிடியுங்கள். பல்லுக்குப் பல் உட்கார வேண்டும், இடையில் வெளிச்சம் ஒழுகக் கூடாது. இந்தச் சோதனையைச் செய்யாமல் உள்ளே விட்டிருந்தால் இருந்த மரையும் போயிருக்கும்.

அறிகுறி: பாதி வரை நன்றாகப் போகிறது, அப்புறம் கனக்கிறது

இது அநேகமாகக் கார்பன். முன்பு குட்டைப் பிளக் போட்டிருந்த மோட்டாரா, கைமாறி வந்த மோட்டாரா என்று யோசியுங்கள். இதற்கு டேப் வேண்டாம், ஒரு பழைய பிளக் போதும். அதே மரை, அதே நீளம் உள்ள பிளக்கை எடுத்து, முக்கோண அரத்தால் மரையின் குறுக்கே மேலிருந்து கீழாக மூன்று பள்ளம் அறுங்கள். அறுத்த ஓரங்களில் பிசிறு இல்லாமல் தேயுங்கள். பள்ளங்களில் கிரீஸை அப்புங்கள். உங்கள் சொந்த மரை சுத்தம் செய்யும் கருவி தயார். எஃகு கார்பனைச் சுரண்டும், கிரீஸ் அந்தத் தூளைப் பிடித்துக்கொள்ளும்.

கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. கனத்தால் வெளியே எடுத்து, கறுத்த கிரீஸைத் துடைத்து, புதிதாக அப்பி மறுபடியும். நான்கைந்து முறை எடுக்கும். அவசரப்பட்டு ஒரே மூச்சில் கடைசி வரை தள்ளினால், கிரீஸ் கொள்ளாத தூள் சிலிண்டருக்குள்தான் விழும்.

அறிகுறி: இறுகியது, ஆனால் ஓடும்போது ‘புஸ் புஸ்’ என்கிறது

பிளக்கைச் சுற்றிக் கறுப்பாகவோ எண்ணெய்ப் பசையாகவோ ஒரு வளையம் தெரியும். மேட்டில் இழுக்காது. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பிளக்கின் அடியில் நான்கு சொட்டு விடுங்கள். குமிழி வந்தால் காற்று கசிகிறது.

உடனே மரையைச் சந்தேகிக்காதீர்கள். வாஷரைப் பாருங்கள். பழைய பிளக்கின் வாஷர் துளையின் வாயிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புது வாஷரோடு பிளக் உட்கார்ந்திருக்கலாம். வாஷரே இல்லாமல் போட்டிருக்கலாம். உட்காரும் இடத்தில் ஒரு மணல் துகள் இருந்தாலும் போதும். இவை எதுவும் இல்லை, பிளக்கை இறுக்கும்போது ஒரு கட்டத்தில் ‘கெட்டி’ ஆகாமல் ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டே போகிறது என்றால் மரை இழுபட ஆரம்பித்துவிட்டது. அதற்கு மேல் இறுக்கினால் கீழே ‘சுற்றிக்கொண்டே இருக்கிறது’ என்ற பகுதிக்கு நீங்களாகவே வந்து சேர்வீர்கள்.

தளர்ந்த பிளக்கோடு "பரவாயில்லை, நாளைக்குப் பார்ப்போம்" என்று ஓட்டாதீர்கள். பிளக் தன் சூட்டின் பெரும்பகுதியை மரை வழியாகவும் உட்காரும் இடம் வழியாகவும்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. பிளக்கின் முனை சுமார் 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் தன் கார்பனைத் தானே எரித்துக்கொள்ளும். 800-ஐத் தாண்டினால் பொறி வருவதற்கு முன்னாலேயே பெட்ரோலைப் பற்ற வைக்கும். தளர்ந்த பிளக் அந்தப் பக்கம்தான் போகும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழுவது இப்படித்தான்.

இன்னொரு வீட்டு வைத்தியமும் உண்டு: தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பைப் பிளக்கில் சுற்றுவது. அந்த டேப் தாங்கும் சூடு 260 டிகிரி அளவுதான். எரிந்து போவது ஒரு பக்கம், பிளக்கும் ஹெட்டும் உலோகத்தோடு உலோகம் தொடாமல் அது நடுவில் நிற்பது இன்னொரு பக்கம். வேண்டாம். பசை போட்டு ஒட்டுவதும் வேண்டாம்.

அறிகுறி: பிளக் கழற்றவே வரவில்லை

கோலாலம்பூரில் சாயங்கால மழைக்குப் பஞ்சமில்லை. கப்சாயில் எஞ்சின் படுத்த வாக்கில் இருப்பதால் முன் சக்கரம் அடிக்கும் தண்ணீரெல்லாம் ஹெட்டின் மேல்தான். எஃகும் அலுமினியமும் தண்ணீரில் நனைந்தால் ஒன்றை ஒன்று அரித்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று வருடம் தொடாத பிளக் அசையாது.

முதலில் சுற்றியுள்ள மண்ணைப் பிரஷ்ஷால் தட்டி ஊதிவிடுங்கள். கழன்ற நொடியில் அதெல்லாம் சிலிண்டருக்குள் போகும். துரு நீக்கும் எண்ணெயைப் பிளக்கின் அடியில் அடித்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் கழற்றும் திசையில் கொஞ்சம், இறுக்கும் திசையில் கொஞ்சம். அசைந்தால் மறுபடியும் எண்ணெய். எட்டில் ஒரு பங்கு சுற்று வந்து, கிறீச்சென்று கனத்தால் திரும்பி உள்ளே போய் மறுபடியும் வாருங்கள். அசையவே இல்லை என்றால்தான் எஞ்சினை ஓரிரு நிமிடம் ஓட்டி, கை வைக்கக்கூடிய வெதுவெதுப்பில் முயலலாம். அலுமினியம் எஃகைவிட அதிகமாக விரியும், பிடி கொஞ்சம் தளரும்.

அதற்கும் வராததை நீளக் குழாய் மாட்டி நெம்பாதீர்கள். செந்தூலில் லேத் கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கே (முதலாளி) ஒருவர் என்னிடம் எப்போதும் சொல்வது மலாயில் இரண்டே சொல்: "ஜாங்கான் பக்சா." பலவந்தம் பண்ணாதே என்று அர்த்தம். பிளக்கின் பீங்கான் உடைந்து, எஃகு வளையம் மட்டும் உள்ளே தங்கிவிட்ட ஹெட்டை அவரிடம் கொண்டுபோன நாளில் அதை மூன்று முறை சொன்னார். அந்த நிலைக்கு வந்துவிட்டால் வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை, ஹெட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு அப்படி ஒருவரிடம் போக வேண்டியதுதான்.

அறிகுறி: சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவே இல்லை

மரை போய்விட்டது. பிளக்கை எடுத்தால் அலுமினியம் சுருள் சுருளாக மின்னிக்கொண்டு கூடவே வரும். சில சமயம் ஓடும்போதே ‘டப்’ என்று பிளக் தெறித்து, தொப்பியோடு தொங்கும். தைப்பூச ராத்திரி எனக்கு நடந்தது இதுதான். இங்கே தீர்வு, துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, புது மரை வெட்டி, அதற்குள் எஃகு மரை ஒன்றைக் குடியேற்றுவது.

இரண்டு வகை உண்டு. ஹெலிகாயில் என்பது துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைச் சுருளாகச் சுற்றியது. டைம்சர்ட் போன்றவை உள்ளும் புறமும் மரை உள்ள கெட்டியான குழாய். இரண்டாவது உறுதி அதிகம், விலையும் அதிகம். அடிக்கடி பிளக் கழற்றும் மோட்டாருக்கு அதுதான் சரி என்பேன். வருடத்துக்கு ஒருமுறை கழற்றும் இஎக்ஸ்5-க்குச் சுருள் போதும்; என்னுடையது இன்றுவரை அதில்தான் ஓடுகிறது. 10 மி.மீ. துளையை 12-ஆக வெட்டி, டி வகைப் பிளக்கைப் போட்டு அனுப்பும் பழக்கமும் சில பட்டறைகளில் உண்டு. எனக்குப் பிடிப்பதில்லை. சின்ன ஹெட்டில் பிளக் துளைக்கும் வால்வு உட்காரும் வளையத்துக்கும் நடுவே இருக்கும் சுவர் ஏற்கெனவே மெலிசு.

ஹெட்டைக் கழற்றுவதா, மோட்டாரில் இருக்கும்போதே செய்வதா? கப்சாய் என்றால் கழற்றுங்கள். ஒரு மணி நேர வேலை, நான்கு நட்டு, ஒரு கேஸ்கெட். கழற்றுமுன் மேக்னெட்டில் ‘டி’ கோடும் கேம் பல்சக்கரத்தில் ‘ஓ’ குறியும் நேராக நிற்பதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிவிட்டால் தூள் எங்கே விழுந்தாலும் கவலை இல்லை, துளை நேராக இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம், முக்கியமாக எரியறையில் வால்வுக்கும் பிளக் துளைக்கும் நடுவே தலைமுடி மாதிரி விரிசல் இருக்கிறதா என்று தெரியும். விரிசல் இருந்தால் அந்த ஹெட்டில் காசு போடாதீர்கள்.

ஹெட்டைப் பலகையில் ஆடாமல் பிடித்து, ஹெலிகாயில் பெட்டியோடு வந்த டிரில்லால் மெதுவான வேகத்தில் துளையுங்கள். நம் கையில் இருப்பதை வைத்து அளவை ஊகிக்க வேண்டாம். சுருளின் வெளி அளவுக்கென்றே அந்த டிரில்லும் டேப்பும் வருகின்றன. (14 மி.மீ. பெட்டிகளில் துளையை அகட்டுவதும் மரை வெட்டுவதும் ஒரே டேப்பாக வருவதுண்டு, அதற்கு டிரில் வேண்டாம்.) டேப்பைத் தொடங்கும்போது பிளக் உட்காரும் தட்டையான முகத்தோடு ஒப்பிட்டு, நாலு பக்கமும் சுற்றி வந்து பாருங்கள். முதல் இரண்டு சுற்றில் சாய்ந்தது கடைசி வரை சாய்வுதான். பிளக் சாய்ந்தால் வாஷர் ஒரு பக்கம் மட்டும் அமுங்கி, புஸ் சத்தம் புது மரையிலும் வரும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் நல்ல வெட்டு எண்ணெய். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே வரும்போது ‘நறுக்’ என்று சின்னதாக ஒரு முறிவு கையில் தெரியும், வெட்டிய அலுமினியச் சீவல் அறுபடுவது அதுதான். அது தெரியாமல் முன்னே முன்னே போனால் டேப் கவ்விக்கொள்ளும்.

வெட்டி முடிந்ததும் பிரேக் கிளீனர் அடித்து, துடைத்து, உலரவிட்டு, சுருளைக் கருவியில் மாட்டிச் சுற்றி இறக்குங்கள். அழுத்தாதீர்கள், சுற்றினால் போதும், அதுவே இழுத்துக்கொண்டு போகும். சுருளின் தலை, பிளக் உட்காரும் முகத்துக்குக் கீழே கால் முதல் அரைச் சுற்று வரை இறங்கி நிற்க வேண்டும். மேலே நீட்டினால் வாஷர் உட்காராது. கீழே எரியறைக்குள் நீட்டினால் அந்த முனை சிவக்கப் பழுத்துத் தானே பற்ற வைக்கும். 12.7 துளைக்கு 12.7 சுருள் என்று நீளம் பார்த்து வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

சுருளின் அடியில் குறுக்கே ஒரு குட்டி நாக்கு இருக்கும். கருவி பிடிப்பதற்கு மட்டும்தான் அது. கூர்மூக்குக் குறடால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் வெட்டுத் தடத்தில் முறிந்துவிடும். முறித்ததைக் கையில் எடுத்து, கண்ணால் பார்த்து, அப்புறம் குப்பையில் போடுங்கள். எஃகுத் துண்டு சிலிண்டருக்குள் போனால் மரை செலவு எல்லாம் சில்லறை ஆகிவிடும்.

ஹெட்டைக் கழற்ற முடியாத மோட்டாரில் இதையே செய்வதானால், பிஸ்டனை வைக்கும் இடம்தான் தந்திரம். துளையில் விரலை வைத்துக்கொண்டு கிக்கரை மெல்ல அழுத்துங்கள். காற்று விரலைத் தள்ளும் சுற்றுதான் அமுக்கும் சுற்று, இரண்டு வால்வும் மூடியிருக்கும். பிஸ்டன் உச்சிக்கு வந்து, அதைத் தாண்டி இரண்டு செ.மீ. இறங்கும் வரை திருப்புங்கள். வால்வு இன்னும் மூடித்தான் இருக்கும், டேப்பின் நுனியும் பிஸ்டனில் இடிக்காது. நீளக் கேபிள் டை ஒன்றை உள்ளே விட்டு ஆழம் பார்க்கலாம். மூங்கில் குச்சி வேண்டாம், உள்ளே முறியும். டேப்பின் பள்ளம் நிறையக் கிரீஸ், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைப்பது. முடிந்ததும் மீன் தொட்டிக்குப் போடும் மெல்லிய டியூபை வேக்குவம் குழாயில் ஒட்டும் டேப் சுற்றி மாட்டி, துளைக்குள் விட்டு எல்லாப் பக்கமும் உறிஞ்சுங்கள். அப்புறம் பெட்ரோலை அடைத்து, சாவியை அணைத்துவிட்டு, பிளக் இல்லாமல் பத்துப் பதினைந்து கிக். துளைக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள்.

அறிகுறி: பிளக்கோடு ஒரு ஸ்பிரிங் வெளியே வந்துவிட்டது

கைமாறிய மோட்டாரில் இது நடக்கும். பயப்பட வேண்டாம், முன்னால் யாரோ போட்ட சுருள் அது. ஹெட்டில் வெட்டிய பெரிய மரை நன்றாக இருந்தால், அதே அளவில் புதுச் சுருள் ஒன்று வாங்கி இறக்கினால் தீர்ந்தது. வந்த சுருளையே திருப்பிப் போடாதீர்கள், இழுபட்டது மறுபடி பிடிக்காது.

அறிகுறி: மரை சரியாகிவிட்டது, ஸ்டார்ட்தான் ஆகவில்லை

பிளக் கீழே விழுந்திருந்தால் முனையின் இடைவெளி மூடியிருக்கும். இல்லையென்றால் அலுமினியத் துகள் ஒன்று அந்த இடைவெளியில் பாலம் போட்டிருக்கும். கழற்றிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரியும். கிக்கர் வழக்கத்தைவிட லேசாக இறங்கினால் வால்வு வளையத்தில் தூள் உட்கார்ந்து காற்றைக் கசியவிடுகிறது. மறுபடியும் டியூபும் வேக்குவமும். அதற்கும் சரியாகவில்லை என்றால் ஹெட் வெளியே வரத்தான் வேண்டும்.

இறுக்கும் அளவு

புதுப் பிளக்கைக் கையால் வாஷர் தொடும் வரை சுற்றி, ஸ்பானரில் அரைச் சுற்று. வாஷர் அமுங்குவது கையில் தெரியும். ஏற்கெனவே அமுங்கிய பழைய பிளக் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்குதான், கடிகாரத்தில் சின்ன முள் ஒரு மணி நேரத்தில் நகரும் தூரம். டார்க் ரெஞ்ச் வைத்திருப்பவர்களுக்கு: அலுமினிய ஹெட்டில் 10 மி.மீ. பிளக் 10 முதல் 12 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. பிளக் 15 முதல் 20, 14 மி.மீ. பிளக் 25 முதல் 30. மரையில் கிரீஸோ செம்புப் பசையோ தடவினால் வழுக்கலில் அதே அளவு அதிக இறுக்கமாகிவிடும், என்ஜிகேயின் பூச்சுள்ள பிளக்குகளுக்கு அது தேவையும் இல்லை. மோட்டாரோடு வரும் பிளக் ஸ்பானரின் கைப்பிடி குட்டையாக இருப்பது கஞ்சத்தனத்தால் அல்ல.

போட்டு முடித்ததும் பத்து நிமிடம் ஓட்டி, சோப்புத் தண்ணீர் சோதனை. ஒரு வாரம் கழித்து, ஆறிய எஞ்சினில், இரண்டு விரலால் ஸ்பானரைத் தொட்டு நகர்கிறதா என்று மட்டும் பாருங்கள். அக்கா மகன் மோட்டாரில் நகரவில்லை. அந்த ஹோஸ் துண்டை இப்போது சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறான். 16 ஸ்பானரை எங்கேயோ தொலைத்துவிட்டு என்னுடையதைக் கேட்டு வந்து நிற்கிறான்.